வலியை நடித்தவள்

லோஜினி மறுபடியும் கதவைத் திறந்தாள். வாசலில் பெரியம்மா அங்கம்மா வழிமறித்து நின்றாள்.

"உள்ள போ புள்ள. மாசமா இருக்கிறவ பொணத்தப் பாக்கக் கூடாது."

"பொணம் இல்ல பெரியம்மா. எங்கம்மா."

அங்கம்மா கதவைச் சாத்தினாள்.

நேற்றுக் காலை வேலைக்குப் போகக் கலஹா பஸ்ஸுக்கு நின்றிருந்த அம்மா மரகதம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவள்தான். இப்போது தோட்டத் தொழிலாளர் லயத்தின் கடைசி அறையான தங்கள் காம்பராவில் கிடத்தியிருந்தார்கள். மகளை முதல் காம்பராவில், பக்கத்து வீட்டுக்காரர்களிடம் விட்டிருந்தார்கள். வெளியே சாவு மேளமான தப்பு அதிரும்போதெல்லாம் வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது. லோஜினி உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னலுக்குப் போனாள். தேயிலை மலைதான் தெரிந்தது.

கதவு திறந்தது. முக்காடிட்ட இளம்பெண் ஒருத்தி வந்தாள்.

"நான் டாக்டர் இல்மா. பேராதனையில உங்கட அம்மா வேலை செஞ்ச மருத்துவ பீடத்திலதான் படிச்சுப் பழகினேன். நீங்கதானா லோஜினி?"

அவள் பார்வை லோஜினியின் முகத்தைவிட்டு விலகவில்லை.

"அம்மா அங்க கூட்டித் தொடைக்கிறதுதானே?"

"முதல்ல அப்பிடித்தான். பொறகு எங்களுக்கு நோயாளியா நடிச்சாங்க. இடுப்பில ரப்பர் வயிறு கட்டிக்குவாங்க. பொம்மப் பிள்ள பொறக்கும். சாயத் தண்ணி ரத்தம் மாதிரி ஓடும். அத நிப்பாட்டத்தான் நாங்க பழகுறது."

"கத்துவாங்களா?"

"கட்டடமே அதிரும்."

வீட்டில் அம்மா குரலுயர்த்தி யாரும் கேட்டதில்லை.

"எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலியே."

"கேட்டா மகள் பயந்துடுவாண்டு சொன்னாங்க." இல்மா சற்றுத் தயங்கினாள். "பயிற்சிய ஆரம்பிக்க முந்தி நோயாளிட பேரக் கேக்கோணும். கொஞ்ச மாசமா லோஜினிண்டுதான் சொல்லுவாங்க. யாராவது ரத்தத்த நிப்பாட்டப் பிந்திட்டா கட்டில விட்டு எழும்ப மாட்டாங்க. திருப்பிச் செய்யச் சொல்லுவாங்க. லோஜினி பொழைக்கும்வரைக்கும்."

வெளியே தப்பு நின்றது. பெட்டியை மூடப்போகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள்.

லோஜினி கதவைத் திறந்தாள்.

"தள்ளுங்க பெரியம்மா."

அங்கம்மா அவளைப் பார்த்தாள். பின்னால் நின்ற டாக்டரைப் பார்த்தாள்.

"படி வழுக்கும்," என்று சொல்லிக் கையை நீட்டினாள்.

முற்றத்துப் பெண்கள் முணுமுணுத்தபடி விலகினார்கள். பெட்டிக்குள் அம்மாவின் வாயைச் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணியின் முடிச்சு காதை மடக்கி அழுத்தியிருந்தது. குனிய முடியாமல் மண்டியிட்ட லோஜினி, முடிச்சைத் தளர்த்தாமல், காதை மட்டும் மெல்ல வெளியே எடுத்துவிட்டாள்.