எண்ணெய்க்காப்பு

"சாமியைப் பிடுங்க எங்களால முடியாது" என்று பரமசிவம் கடப்பாரையைக் கீழே போட்டான். அவன் போட்டதும் மற்றவர்களும் கையில் இருந்ததைப் போட்டார்கள்.

பிடுங்கச் சொன்னது சாமியை அல்ல. ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் பின்னால், கடல் தாண்டி வேலைக்கு வந்த நம் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து பேசும் புல்தரையில், வர்ஷா என்கிற பொண்ணு நிறுத்தி வைத்த உருவம் அது. இந்த நாட்டிலேயே, பொங்கோல் பக்கம் பிறந்து வளர்ந்தவள், ஓவியம் படித்தவள். கட்டட வேலையில் கழித்துப்போட்ட சாரக்குழாய்களை இணைத்து, ஆள் உயரத்துக்கும் மேலே எழுப்பியிருந்தாள். அதற்குப் பத்துப் பன்னிரண்டு கைகள். ஒவ்வொரு கையிலும் மல்லாத்திக் கட்டிய பழைய ஹெல்மெட், அதற்குள் மண், மண்ணில் பசலை, பொன்னாங்கண்ணி, கத்தரி, பச்சை மிளகாய். ஊரைக் கட்டினவன் கையிலிருந்து ஊர் சாப்பிடட்டும், அப்போதாவது அவனை நினைக்கட்டும் என்பது அவள் எண்ணம். 'பறித்துச் சாப்பிடுங்கள்' என்று பலகை கூட வைத்தாள்.

ஆனால் அத்தனை கை, கை நிறையப் பச்சை. நம் ஆட்கள் சும்மா விடுவார்களா? முதலில் ஒரு முழம் பூ வந்தது. பிறகு எலுமிச்சம்பழம். பிறகு யாரோ முறையாக நல்லெண்ணெய் தடவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துவிட்டார்கள். அப்புறம் வாராவாரம் அதுவே வழக்கமாகிவிட்டது. கீரையை மட்டும் ஒருவரும் தொடவில்லை. சாமி கையில் இருப்பதை எவன் பறிப்பான்?

ஹெல்மெட்டில் தண்ணீர் தேங்கிக் கொசு வருகிறதென்று யாரோ புகார் போட, இடத்தைக் காலி பண்ணும் வேலை இவர்கள் தலையில் விழுந்தது. மத்தியானத்துக்குள் முடிக்க வேண்டும்.

மேற்பார்வை பார்க்கும் சரத் சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னான். "சிலுவை அண்ணே, நீங்க சர்ச்சுக்குப் போறவருதானே? நீங்க ஏறுங்க."

"ஆமா, ஏறுடா சிலுவை. எங்க சாமிக்கு உன் அட்ரஸ் தெரியாது" என்றான் பரமசிவம். எல்லோரும் சிரித்தார்கள்.

சிலுவைராஜுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. ரத்னவேல் போனதிலிருந்தே அப்படித்தான். ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். சாரத்திலிருந்து விழுந்துவிட்டான் என்று சேதி வந்த அன்றைக்கும் சிலுவைராஜ் சோறு தின்றான், துணி துவைத்தான். எதுவும் உள்ளே இறங்கவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல அவ்வப்போது தன்னையே கிள்ளிப் பார்த்துக்கொள்வான். ஒன்றும் இருக்காது.

சரத் சொல்லாவிட்டாலும் அவன் ஏறித்தான் இருப்பான். அந்த ஹெல்மெட்டுகளில் ஒன்று ரத்னவேலுடையது. துணிமணியெல்லாம் சவப்பெட்டியோடு ஊருக்குப் போனபின், கட்டிலடியில் அது மட்டும் கிடந்தது. வர்ஷா விடுதிப் பக்கம் வந்து பழைய ஹெல்மெட் கேட்டபோது, வைத்துக்கொள்ளவும் முடியாமல் தூக்கிப் போடவும் முடியாமல் இருந்ததை அவளிடம் கொடுத்துவிட்டான். அதற்கப்புறம்தான் ரத்னவேலின் மனைவி அன்னம்மா போன் பண்ணினாள்.

"எல்லாம் வந்துச்சுண்ணே. அவரு தலையில போட்டிருந்தது மட்டும் வரல. அதை அனுப்பி வைங்க. பிள்ளைங்க கேக்குதுங்க."

அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான். உருவம் வருஷக் கடைசிவரை நிற்கும், பிரிக்கும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தான். இன்றைக்கு விட்டால் லாரியோடு அது நசுக்குகிற இடத்துக்குப் போய்விடும்.

ஏணி போட்டு ஏறினான். ஹெல்மெட்டின் முன்பக்கத்தில் தடித்த பேனாவால் ரத்னவேல் தன் பெயரை எழுதியிருப்பான். ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தான். மஞ்சள் வந்தது, குங்குமம் வந்தது, எண்ணெய்ப் பிசுக்கு வந்தது. பெயர் வரவில்லை. எண்ணெய் தடவித் தடவித் தேய்த்ததில் எல்லாப் பெயரும் கரைந்து போயிருந்தது. எல்லாம் ஒரே மாதிரி, வெயிலில் வெளுத்த மஞ்சள் ஓடுகள்.

வர்ஷா ஓடி வந்தாள். "அண்ணா, ஸ்டாப்! இது சாமி இல்ல லா!"

"தெரியும்மா."

"சாப்பிடத்தானே வெச்சேன்? யாருமே பறிக்கல. நான் என்ன தப்பு பண்ணேன்?"

கீழேயிருந்து பரமசிவம் சொன்னான். "இத்தனை கை வெச்சியே, அதாம்மா தப்பு. ரெண்டு கை வெச்சிருந்தா மனுசன்னு நெனச்சிருப்போம்."

"ரத்னவேலோடது எந்தக் கையில இருக்கு?" என்று கேட்டான் சிலுவைராஜ்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். உதடு கோணியது. "மழைக்கு அப்புறம் எல்லாத்தையும் கழட்டி மாத்திக் கட்டினேன் அண்ணா. பேர் இருக்கேன்னு... சாரி அண்ணா."

அவன் தலையாட்டினான். ஒவ்வொன்றாக அவிழ்த்து, செடியோடு லாரியில் இறக்கினான். ஏதோ ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியும்? கையில் ஒன்றை எடுத்தும் பார்த்தான். எடை இருந்தது, அவ்வளவுதான். திரும்ப வைத்துவிட்டான்.

லாரி மறைவில் நின்று போன் போட்டான்.

"அன்னம்மா, அது கிடைக்கலம்மா. இங்கதான் இருக்கு, ஆனா எதுன்னு தெரியல. பேர் அழிஞ்சு போச்சு." மறைக்காமல் முழுக் கதையையும் சொன்னான்.



"அதுக்குள்ள என்ன செடி வெச்சாங்க?"

"எல்லாம் கலந்து வெச்சாங்க. பசலை, கத்தரி, மிளகா."

"காய்ச்சுதா?"

"நல்லா காய்ச்சுது. சாமின்னு யாரும் தொடல."

"அந்த மனுசனைப் போயி யாரு சாமியாக்குனது? குளிக்கச் சொன்னாலே சண்டைக்கு வருவாரு." சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. "வீணாப் போக விடாதீங்கண்ணே. நீங்களாவது பறிச்சுத் தின்னுங்க."

அவன் லாரியில் ஏறிக் குந்தி உட்கார்ந்து பசலையைக் கிள்ள ஆரம்பித்தான். எந்த ஹெல்மெட் என்று பார்க்கவில்லை. வரிசையாகக் கிள்ளினான். உள்ளே இன்னும் ஒன்றும் அசையவில்லை. கை மட்டும் வேலை செய்தது.

"டேய், சாமி கையில இருந்ததுடா" என்றான் பரமசிவம்.

"ரத்னவேல் கையில இருந்தது."

பரமசிவம் நின்று பார்த்தான். சரத் ஹாரன் அடித்தான். பரமசிவம் பூட்ஸைக் கழற்றிவிட்டு லாரியில் ஏறி, சோற்றுப் பொட்டலம் கொண்டுவந்த பையை உதறி விரித்துப் பிடித்தான்.

"மிளகாயையும் பறி. வெறும் பசலை வழவழன்னு கிடக்கும்."