புக்கிட் காப்பாஸ் திடலின் பத்தாவது குழி

பதினெட்டுக் குழிகளுக்குக் குறைந்த திடல்கள் இனி உறுப்பினராக இருக்க முடியாது என்று நெகிரி செம்பிலான் வட்டாரக் கோல்ஃப் திடல் உரிமையாளர் சங்கம் தீர்மானம் போட்ட மறுநாள் காலையில், ஒன்பது குழிகளே கொண்ட புக்கிட் காப்பாஸ் திடலில் பத்தாவது குழி இருந்தது. முன்தினம் முள்வேலி நின்ற இடத்தில் மெல்ல ஏறும் ஒரு புல்மேடு, நடுவில் மணல் பள்ளம், அதற்கப்பால் கொடி. புல் ஒரே அளவாக வெட்டப்பட்டிருந்தது. முள்வேலி இன்னும் தள்ளிப்போய், காலங்காலமாக அங்கேயே துருப்பிடித்ததுபோல் நின்றது. மதியத்துக்குள் பதினொன்றாவதும் வந்தது. வாரம் முடிவதற்குள் பதினெட்டும் நிறைந்துவிட்டன. பக்கத்துச் செம்பனைத் தோட்டக்காரர் தம் மரங்களை எண்ணிப் பார்த்தார். ஒன்றும் குறையவில்லை என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறிப் போனார்.

அந்தத் திடலுக்குத் தனி முதலாளி கிடையாது. அது முன்பு ரப்பர் தோட்டம். தோட்டம் துண்டாடப்பட்டபோது ஒரு கம்பெனி அதில் ஒரு பகுதியைக் கோல்ஃப் திடலாக்கியது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த மக்களுக்கு வீடு கட்டித் தருவதாகச் சொன்னது, கட்டாமலே திவாலானது. அவர்கள் வழக்குப் போட்டார்கள். வழக்கு முடிவதற்குள் தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் சிரம்பானில் வேலைக்குப் போயிருந்தார்கள், ஒரு வக்கீல் ஓய்வு பெற்றிருந்தார். வீடுகளுக்குப் பதிலாகத் திடலே அவர்கள் கைக்கு வந்தது. விற்றுவிட்டுப் போய்விடுவார்கள் என்று ஊரே எதிர்பார்த்தது. அவர்கள் விற்கவில்லை. கூட்டுறவு ஒன்றை அமைத்து, இளவயதில் அதே திடலில் ஆட்டக்காரர்களின் மட்டைப் பைகளைச் சுமந்த புஷ்பவள்ளியைத் தலைவியாக்கினார்கள். டாக்சி ஓட்டுபவர்களும் பள்ளி ஆசிரியர்களும் போர்டிக்சன் முகாமின் சிப்பாய்களும் அங்கே வந்து விளையாடினார்கள். மற்ற முதலாளிகளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் சந்தா ஒழுங்காக வந்ததால் யாரும் எதுவும் சொல்லவில்லை.

சங்கத்தை உண்மையில் நடத்தியவர் அதன் செயலாளர் பெட்ரிசியா. ரஹாங்கில் ஒரு கோப்பிக் கடையின் மாடியில் அலுவலகம். எல்லாத் திடல்களுக்கும் சேர்த்து மொத்தமாக உரம் வாங்குவதும், இரண்டு போட்டிகள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் விழாமல் பார்த்துக்கொள்வதும், வறட்சிக் காலத்தில் தண்ணீருக்காக மன்றாடுவதும், ஒருவரின் சமையல்காரரை இன்னொருவர் இழுத்துக்கொண்டதால் மூளும் சண்டைகளைத் தீர்ப்பதும் அவர் வேலை. உரிமையாளர்கள் அவரைப் பெரிய குடும்பத்துப் பெண் என்று நினைத்திருந்தார்கள். அவரும் அதைத் திருத்தவில்லை.

டத்தோ பட்டம் பெற்ற சங்கத் தலைவர் தர்மேந்திரனிடம் இரண்டு திடல்கள் இருந்தன. வட்டாரத்தின் திடல்களை ஒன்றாகச் சேர்த்து, கணினிகள் வைக்கும் பெரிய கட்டடங்களுக்காக ஒரு நிறுவனத்திடம் விற்பது அவர் திட்டம். அவருடைய வரைபடத்தின் நட்டநடுவில் புக்கிட் காப்பாஸ் இருந்தது. சங்கத்துக்கு வெளியே தள்ளினால் உரமும் போட்டிகளும் நின்று, கூட்டுறவுக்காரர்கள் தாமாகவே விலை பேச வருவார்கள் என்று அவர் கணக்குப் போட்டார். தீர்மானம் அதற்குத்தான். பெட்ரிசியாவுக்கு அது தெரியும். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவர் டொனால்டிடம் சொன்னபோது, இந்த வயதில் உனக்கு எதற்கு வம்பு, பேசாமல் இரு என்றார். பெட்ரிசியா பேசாமல்தான் இருந்தார்.

புஷ்பவள்ளி தொலைபேசியில் அழைத்து, கேட்ட பதினெட்டும் வந்துவிட்டதாகவும், வேண்டுமானால் வந்து பார்க்கலாம் என்றும் சொன்ன அன்று, அலுவலகக் காலணியோடு பெட்ரிசியா பதினெட்டுக் குழிகளையும் நடந்து பார்த்தார். ஒவ்வொரு கொடிக்கம்பத்தையும் கையால் தொட்டார். குதிகால் தோல் உரிந்து, நொண்டிக்கொண்டே திரும்பிப் போய், புக்கிட் காப்பாஸ் உறுப்பினராகத் தொடர்கிறது என்று எல்லாருக்கும் தெரிவித்தார்.

தர்மேந்திரன் நில அளவையாளர்களை அனுப்பினார். வேலியோரமாகச் சுற்றி அளந்தபோது நிலம் பழைய அளவுதான் இருந்தது. உள்ளே அளந்தபோது இரு மடங்கு வந்தது. அவர்கள் இரண்டு அளவுகளையும் கொடுத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு விதி இருபத்தேழு குழிகள் என்று மாறியது. திடல் இருபத்தேழு கொடுத்தது. புதிதாக வந்த ஒன்பதில் ஒரு குளமும் அதில் ஏற்கெனவே வளர்ந்துவிட்ட வாத்துகளும் இருந்தன. அதன் பிறகு தர்மேந்திரன் விதிகளை விட்டுவிட்டு நேராக ரஹாங் மாடிக்கு வந்தார்.

"இது வேடிக்கை காட்டுற எடம் இல்ல, பெட்ரிசியா. அவங்க பேர எடுத்துருங்க."

"எந்த விதிப்படி, டத்தோ?"

"நான் சொல்றேன்லா. அது போதும்."

"போதாது." தம் குரலைக் கேட்டு பெட்ரிசியாவுக்கே வியப்பாக இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. "நான் கெமாஸ் ரயில்வே லயத்துல பொறந்தவ. இத்தன வருசமா உங்க யார்கிட்டயும் சொன்னதில்ல. இப்ப சொல்லணும்னு தோணுது."

மறுநாள் அலுவலகப் பூட்டு மாற்றப்பட்டிருந்தது. பெட்ரிசியா கீழே கோப்பிக் கடையில் சுவரோரத்து மேசையில் உட்கார்ந்து கைத்தொலைபேசியை எடுத்து வைத்தார். உரம் வேண்டியவர்கள் வழக்கம்போல அவரைத்தான் அழைத்தார்கள். கடைக்காரர் மேசைக்கு நேரே ஒரு மின்விசிறியைத் திருப்பி வைத்தார். பத்து மணிவாக்கில் டொனால்ட் வீட்டு அச்சு இயந்திரத்தை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, மேசையில் இறக்கி, சுவிட்சைப் போட்டு, ஒரு தே தாரிக் குடித்துவிட்டுப் போனார். சங்கம் அப்படியே அந்த மேசையிலிருந்து நடந்தது.

புக்கிட் காப்பாஸை நீக்குவதற்கான வாக்கெடுப்பு ஆண்டுக் கூட்டத்துக்கு வந்தது. கூட்டம் முறைவைத்து ஒவ்வொரு திடலாகப் போகும். அந்த ஆண்டு முறை புக்கிட் காப்பாஸுக்கு. போர்டிக்சன் ஹோட்டல் ஒன்றுக்கு மாற்றச் சொன்னார் தர்மேந்திரன். பெட்ரிசியா மாற்றவில்லை. உறுப்பினர்கள் எல்லாரும் வந்தார்கள், பாதிப்பேர் வேடிக்கை பார்க்க. வாசலில் காரை விட்டுவிட்டுப் பக்கி எனும் சிறு மின்வண்டிகளில் ஏறி, ஒரு சிகரெட் முடிவதற்குள் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கடைசியாகக் கிளம்பிய தர்மேந்திரனின் வண்டி மட்டும் வந்து சேரவில்லை.

பாதை நேரானது. மண்டபத்தின் சிவப்புத் தகரக் கூரை அவர் கண்ணுக்குத் தெரிந்தது. மண்டபத்தில் இருந்தவர்களுக்கும் அவர் தெரிந்தார். சக்கரங்கள் சுழன்றன. முன்னால் புல் நீண்டுகொண்டே போயிற்று. வந்துகொண்டே இருப்பதாகவும், ஆரம்பித்துவிட வேண்டாம் என்றும் தொலைபேசியில் சொன்னார். காத்திருந்தார்கள். வடை தீர்ந்து இரண்டாம் முறை வந்தது. மூன்றாவது அழைப்பில் அவர் குரல் உடைந்திருந்தது. பிறகு வண்டியின் பேட்டரி தீர்ந்து, வெயிலில் அப்படியே நின்றது.

புஷ்பவள்ளி ஒரு குடையும் தண்ணீர்ப் போத்தலும் எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தார். சற்று நேரத்தில் தர்மேந்திரனிடம் போய்விட்டார்.

"எறங்கி என்கூட நடங்க, டத்தோ. போயிரலாம்."

சட்டை நனைந்து உட்கார்ந்திருந்தவர் தண்ணீரைக் குடித்தார். "அங்க வந்தா என்ன செய்வீங்க?"

"டீ குடுப்போம். அப்புறம் ஓட்டுப் போடுவோம்."

"எனக்கு எதிரா போடுவீங்க."

"ஆமாலா."

அவர் கூரையைப் பார்த்தார். குடை அவர் தலைமேல்தான் இருந்தது. பிறகு போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கி, வந்த வழியே திரும்பினார். வாசல் வண்டிக்கு நேர் பின்னால் இருந்தது.

வாக்கெடுப்பை பெட்ரிசியா நடத்தினார். இன்றைக்கு அவர்கள், நாளைக்கு என் திடல் என்று ரெம்பாவ் பக்கம் சிறு திடல் வைத்திருந்த சீன முதலாளி மலாயில் சொன்னார். இரண்டு கைகள் தவிர மற்ற எல்லாக் கைகளும் நீக்கத்துக்கு எதிராக உயர்ந்தன. குழிகளைப் பற்றிய விதியையே எடுத்துவிட்டார்கள். தர்மேந்திரன் தம் இரண்டு திடல்களையும் விற்றார். இப்போது அங்கே சன்னல் இல்லாத கட்டடங்கள் இரவும் பகலும் முனகுகின்றன. மாடிச் சாவி பெட்ரிசியாவிடம் வந்தது. அவர் மின்விசிறியோடு கீழேயே இருந்துவிட்டார்.

விதி போன பிறகும் திடல் சுருங்கவில்லை. மழைக்காலத்தில் ஒன்றிரண்டு கூடும். விளையாட வருபவர்கள் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலமும் மாற்றுச் சட்டையும் கொண்டுவருகிறார்கள். தூரத்துக் குழிகளில் கூட்டுறவு தங்கும் குடிசைகள் போட்டிருக்கிறது. சங்கத்தின் போட்டி அட்டவணையில் மற்றத் திடல்களுக்கு இரண்டு தேதிகள். புக்கிட் காப்பாஸுக்குத் தொடங்கும் தேதி மட்டும். போன மாதம் புஷ்பவள்ளி கோப்பிக் கடையில் உரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, கோலாலம்பூரிலிருந்து ஒரு சுற்றுலாக்காரர் அழைத்து அந்தத் திடலில் எத்தனை குழிகள் என்று கேட்டார். பெட்ரிசியா தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு கேட்டார்.

"எத்தனன்னு சொல்லட்டும், அக்கா?"

புஷ்பவள்ளி கோப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார். "இன்னிக்கா?"