புதருக்குள் மகோகனி

எங்கள் பெத்தேன் காட்டில் நாள் முழுக்க நடந்தாலும் ஒரு மகோகனி மரம் கண்ணில் படுவது அபூர்வம். அதன் குருத்தைத் துளைக்கிற சாம்பல் அந்துப்பூச்சியோ மழை விழுந்தால் எங்கும் இருக்கும். மரம் ஆளாக அறுபது வருஷம், அந்துக்கு ஒரு மாதம் போதும். இந்த இரண்டுக்கும் நடுவில் என் நிலம் மாட்டிக்கொண்டது.

ஊர்ச் சங்கம் ஆளுக்கு நூறு கன்று கொடுத்திருந்தது. மூன்றாவது மழைக்காலத்துக்குப் பிறகு அறுபது கன்றாவது நேராக நிற்க வேண்டும். தவறினால் நிலம் பக்கத்துக்காரருக்கு. என் பக்கத்துக்காரன் என் கொழுந்தன் திரான்சித்தோ. அவன் நிலத்தில் பேருக்கு ஒரு புல் கிடையாது. என்னுடையதில் புதர் மண்டிக் கன்றே தெரியாது.

பார்வையிடும் நாள் காலையில் எல்லார் முன்னாலும் கேட்டான்: "ஏன் அண்ணி, மரம் வளக்குறீங்களா, பாம்பு வளக்குறீங்களா?"

"வாயை மூடுடா!" என்றேன்.

சங்கத் தலைவி எர்மெலிந்தா முதலில் அவன் கன்றின் குருத்தை வளைத்தாள். துளை. உள்ளே அந்துப் புழு. அடுத்ததிலும் புழு! நூற்றில் பதினொன்றுதான் தப்பியிருந்தது.

"குருத்து வாடுறப்போ களைதான் சத்தை உறிஞ்சுதுன்னு இன்னும் வழிச்சு எடுத்தேனே!" என்று தலையில் கைவைத்தான்.

பிறகு என் புதருக்குள் நுழைந்தார்கள். "இது நேர்! இதுவும் நேர்!" என்று உள்ளேயிருந்து சத்தம். எழுபத்தெட்டு! கத்திக் குதித்துவிட்டேன்.

"அந்து கண்ணுல படாம எப்படிடீ மறைச்ச?" என்றாள் எர்மெலிந்தா.

பொய் சொல்ல மனம் வரவில்லை. "நான் எங்க மறைச்சேன்? கால்ல வெட்டுக்கத்தி பட்டு, களை எடுக்காம வலை ஊஞ்சல்லயே படுத்துக் கிடந்தேன். அதுக்குள்ள புதர் மண்டிருச்சு."

ஊரே சிரித்தது, திரான்சித்தோவைத் தவிர. அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மூன்று வருஷ உழைப்பு. எனக்குத் தாங்கவில்லை.

"இவன் நிலம் இப்ப எனக்குத்தானே தலைவி? அப்ப நான் சொல்றேன், இவனே பாத்துக்கட்டும். புழு தின்ன நுனியை வெட்டினா புதுசாத் துளிர்க்கும். அதுல ஒண்ணை மட்டும் விட்டா மரம் நேராயிரும்."

எர்மெலிந்தா தலையாட்டினாள். நான் அவனிடம் கையை நீட்டினேன்.

"கத்தியைக் குடு. நுனியை நானே வெட்டிக்கிறேன்."

"அப்ப நான் என்ன செய்யட்டும் அண்ணி?" அழுகிறானா சிரிக்கிறானா தெரியவில்லை.

"ஊஞ்சலைக் கட்டிப் படுடா, புதர் தானா வளரட்டும்!" என்றேன்.