எழில்மதி அன்பளிப்பு

கோட்டுச்சேரியில் பால் காய்ச்சிய அன்றே எழில்மதிக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. பால் நன்றாகத்தான் பொங்கியது. நல்ல நேரம் தப்பவில்லை, வீட்டுக்காரர் முகம் சுளிக்கவில்லை, போலகத்திலிருந்து குட்டியானை வண்டியில் வந்த பீரோவின் கண்ணாடிகூடக் கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. ஆனால் தோழி பூங்கொடி தனியாக வரவில்லை. கூடவே ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

“இதுதான் சித்திக்கா. ஒனக்கு எதிர்த்த வீடு. இவ இல்லன்னா இந்தத் தெருவுல எனக்கு ஒண்ணும் ஓடாது” என்றாள் பூங்கொடி.

ஒரு ஆளை அறிமுகம் செய்ய எத்தனையோ வழி இருக்கிறது. பேரைச் சொல்லலாம், வீட்டைக் காட்டலாம், அதோடு விடலாம். ‘ஒண்ணும் ஓடாது’ என்று எதற்குச் சொல்ல வேண்டும்? எழில்மதி சிரித்துக்கொண்டே டம்ளரில் பாலை ஊற்றினாள். சித்திக்காவின் டம்ளரில் சர்க்கரை கொஞ்சம் குறைந்துதான் விழுந்தது.

எழில்மதிக்கும் பூங்கொடிக்கும் போலகத்தில் ஒரே தெரு, ஒரே வகுப்பு. இருவருக்கும் சேர்த்து ஒரே சைக்கிள். பூங்கொடி கல்யாணமாகிக் கோட்டுச்சேரிக்கு வந்த பிறகு பதினைந்து வருஷமாகப் போனில்தான் பேச்சு. எழில்மதியின் கணவன் முத்துக்குமரன் மின்துறையில் லைன்மேன். அவனுக்குக் கோட்டுச்சேரிக்கு மாற்றல் வந்தபோது, “வண்டிய எடுத்தா அரை மணி நேரம். போயிட்டு வந்துடுறேனே” என்றான். “மழை காத்துல லைன் போச்சுன்னா அலையப் போறது நீங்கதான்” என்று கரிசனமாகச் சொல்லி அவனைக் கிளப்பியது எழில்மதி. மனசுக்குள் இருந்த காரணம் வேறு. பூங்கொடியோடு பக்கத்துத் தெரு வாழ்க்கைகூட அல்ல, ஒரே தெரு வாழ்க்கை. விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம் என்று கணக்குப் போட்டுத்தான் வந்தாள்.

விட்ட இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். அதுவும் ஸ்கூட்டரின் பின் சீட்டில். பூங்கொடிக்குக் காரைக்கால் டவுனில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடும் வேலை. சித்திக்காவுக்கு அதே வீதியில் ஒரு மருந்துக் கடையில் வேலை. காலை எட்டே முக்காலுக்கு இரண்டு பேரும் புறப்படுவார்கள். பூங்கொடி ஓட்டுவாள், சித்திக்கா அவள் தோளுக்கு மேல் எட்டி ஏதோ சொல்வாள், பூங்கொடி வண்டியே ஆடுகிற அளவுக்குச் சிரிப்பாள். அதைப் பார்ப்பதற்காகவே எழில்மதி வாசலைப் பெருக்கினாள். விடியலில் ஒரு தடவை, எட்டே முக்காலுக்கு ஒரு தடவை என்று இரண்டு முறை பெருக்கப்பட்ட வாசல் அந்தத் தெருவில் அது ஒன்றுதான்.

சாயங்காலம் பூங்கொடி வீட்டு வாசப்படியில் மூன்று பேரும் டீ குடிப்பார்கள். ஆறு மணிக்குள் அந்த இரண்டு பேருக்கும் ஏதாவது ஞாபகம் வந்துவிடும்.

“அந்தக் கொடைக்காரர் கத மாதிரி ஆயிடப் போவுது” என்பாள் சித்திக்கா. இரண்டு பேரும் டீ சிந்தச் சிரிப்பார்கள்.

“யாரு கொடைக்காரர்?” என்று எழில்மதி கேட்பாள்.

“அது ஒனக்குத் தெரியாதுடி. போன வருஷம் நடந்தது” என்பாள் பூங்கொடி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இதைவிட ஒன்று இருந்தது. சித்திக்கா பூங்கொடியைப் பேர் சொல்லி வா, போ என்பாள். எழில்மதியை மட்டும் “எழிலக்கா, வாங்க, ஒக்காருங்க” என்பாள். மரியாதைதான். அந்த மரியாதைதான் அவளைச் செருப்பால் அடித்தது.

ஒரு நாள் சாப்பிடும்போது முத்துக்குமரன் சும்மா இருக்காமல், “முன்ன வந்த காத பின்ன வந்த கொம்பு மறைச்ச கதையால்ல இருக்கு” என்றான். அன்றைக்கு அவனுக்கு இரண்டாவது கரண்டி மீன் குழம்பு கிடைக்கவில்லை.

சித்திக்கா மேல் ஒரு குற்றம் கண்டுபிடிக்க எழில்மதி பட்ட பாடு கொஞ்சமல்ல. மகள் முத்தமிழைப் பள்ளியில் சேர்க்கும்போது கூட வந்து நின்றவள் சித்திக்கா. நல்ல தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், எந்தக் கடையில் இட்லி அரிசி நன்றாக இருக்கும் என்று சொன்னவளும் அவள்தான். குற்றம் சொல்ல இடம் கொடுக்காத மனுஷி மேல் வருகிற கோபத்துக்கு வடிகால் கிடையாது. அது உள்ளேயே கிடந்து புளிக்கும்.

மாசியில் நோன்பு தொடங்கியது. தெருமுனைப் பள்ளிவாசலில் சாயங்காலம் கஞ்சி ஊற்றுவார்கள். சித்திக்காவின் வீட்டிலிருந்து ஒரு நாள் ஒரு தட்டு வடையும் சமோசாவும் எழில்மதிக்கு வந்தன. வந்த தட்டை வெறும் தட்டாகத் திருப்பக் கூடாது. பிடிக்கிறதோ இல்லையோ, முறை முறைதான். மறுநாள் எழில்மதி தட்டு நிறைய ரவா கேசரி வைத்து எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனாள்.

கதவு திறந்திருந்தது. நோன்பு திறந்து முடித்து, உள்ளறையில் சித்திக்காவும் ஊரிலிருந்து வந்திருந்த அவள் உம்மாவும் தொழுதுகொண்டிருந்தார்கள். காத்திருக்கலாம் என்று எழில்மதி நின்றாள். நின்ற இடத்துக்குப் பக்கத்தில் மேஜை. மேஜைமேல் ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கு, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

அதன் வயிற்றில் புள்ளி புள்ளியாக எழுத்து வெட்டியிருந்தது. ‘பூங்கொடி திருமணத்திற்கு போலகம் எழில்மதி அன்பளிப்பு.’

எழில்மதி நாற்று நட்ட கூலியில் வாங்கியது. பேர் வெட்டுகிறவர் அப்போதே சொன்னார், இத்தனை எழுத்துக்கு இடம் பத்தாது, பேரை மட்டும் போட்டுக்கலாம் என்று. முழுசாகத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வெட்ட வைத்தாள். அதனால்தான் ‘அன்பளிப்பு’ மட்டும் வளைந்து அடிப்பக்கம் இறங்கியிருக்கும். அந்தத் தூக்கு இன்றைக்கு இன்னொருத்தி வீட்டில் கஞ்சி வாங்குகிறது. தோழியைத்தான் கொடுத்தாயிற்று, என் பேரையுமா தூக்கிக் கொடுத்துவிட்டாள் என்று எழில்மதிக்குக் கண் இருட்டியது.

அவள் தூக்கை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். இன்னொரு கையில் கேசரித் தட்டோடு தெருவைக் கடந்தாள். எடுத்துக்கொண்டாள், மீட்டுக்கொண்டாள் என்று அவள் மனசு ஆயிரம் சொல்லட்டும். திருடினாள், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் அரிசி டின்னுக்குள் தூக்கைப் புதைத்து மேலே அரிசியை மூடினாள். தட்டைக் கேசரியோடு முத்தமிழிடம் கொடுத்தனுப்பினாள்.

மறுநாள் எதிர் வீட்டில் சாமான்களை நகர்த்துகிற சத்தம் கேட்டது. அடுத்த நாள் சித்திக்கா பள்ளிவாசல் வரைக்கும் போய், அங்கே கிடந்த தூக்குகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு வந்தாள். எழில்மதி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். முதல் நாள் இனித்தது. இரண்டாம் நாள் தலைவலி வந்து படுத்துவிட்டாள்.

தலைவலி என்று கேள்விப்பட்டுப் பூங்கொடி வேலை விட்டு நேராக வந்தாள். “நீ படுடி, நான் ஒல வெக்கிறேன்” என்று அடுப்படிக்குப் போனாள். போர்வைக்குள் கிடந்த எழில்மதிக்கு அரிசி டின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது. ஆனால் பூங்கொடி ஒன்றும் சொல்லவில்லை. சோறு வடித்து, ரசம் வைத்து, எழில்மதியின் நெற்றியில் தைலம் தேய்த்துவிட்டுப் போனாள். பார்க்கவில்லை, தப்பித்தோம் என்று எழில்மதி நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சித்திக்கா வந்தாள். கண் வீங்கியிருந்தது. கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினாள்.

“எழிலக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சு. பூங்கொடியோட தூக்கு ஒண்ண தொலைச்சிட்டேன். நீங்க அவ கல்யாணத்துக்குக் குடுத்தது.”

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? எழில்மதி “அப்புடியா” என்றாள்.

“அத அவ யாருக்கும் தரவே மாட்டாக்கா. உம்மா வந்திருக்காங்க, கஞ்சிக்குப் பெரிய தூக்கு இல்லயேன்னு பொலம்பினேன். மனசே இல்லாமத்தான் தந்தா. ‘இது என் எழிலு குடுத்தது, பத்திரம், பத்திரம்’னு நாலு தடவ சொன்னா. எனக்கே கொஞ்சம் கடுப்பாத்தான் இருந்துச்சு. நான் ஆறு வருஷமா கூட இருக்கேன், எப்பப் பாத்தாலும் எழிலு, எழிலு.” சித்திக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அவகிட்ட இன்னும் சொல்லல. அதே மாதிரி புதுசு ஒண்ணு வாங்கி, நாளைக்கு டவுன்ல பேர் வெட்டிடப் போறேன். அதுல என்னா வெட்டியிருந்துச்சுன்னு சரியா சொல்லுங்க. கடைசி வார்த்த கீழ எறங்கியிருக்கும்ல, அதையும் அப்புடியே வெட்டச் சொல்லணும்.”

ஒரு பேப்பரும் பேனாவும் கொண்டுவந்திருந்தாள். எழில்மதி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். ‘எழில்மதி’ என்று தன் பேரை மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

சித்திக்கா போனதும் அரிசி டின்னைக் கிளறித் தூக்கை எடுத்தாள். பூங்கொடி தன் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். எழில்மதி மாடியேறிப் போய்த் தூக்கை நீட்டினாள். பூங்கொடி ஆச்சரியப்படவில்லை.

“அடியில அரிசி ஒட்டியிருக்கு பாரு” என்றாள்.

“ஒனக்குத் தெரியுமா?”

“ஒல வெக்க வந்தேன்ல. ஆழாக்க விட்டு அள்ளுனா டங்குன்னுது.”

“ஏன்டி என்னக் கேக்கல?”

பூங்கொடி ஈரத் துணியை உதறினாள்.

“நீயா சொல்லுவன்னு பாத்தேன். அவ தெனம் என் பின்னாடி ஒக்காந்து மூக்க உறிஞ்சிகிட்டு வரா. நோன்பு வேற. என்னாடின்னு கேட்டா தூசிங்குறா. எனக்கு வெவரம் தெரியும், வாயத் தொறக்காம வண்டி ஓட்டுறேன். சொன்னா நீ இந்தத் தெருவுல தல நிமிந்து நடக்க முடியுமா? வந்து ரெண்டு மாசம்தான் ஆவுது. அதான் அவளே அழுவட்டும்னு விட்டேன். இப்புடி ஒரு காரியத்த நான் யாருக்கும் செஞ்சதில்ல எழிலு. எனக்கே என்னப் புடிக்கல.”

எழில்மதிக்கு அழுகை வரவில்லை. முதலில் வந்தது சந்தோஷம். என்னைத்தான் காப்பாற்றினாள், அவளை அழவிட்டு என்னைக் காப்பாற்றினாள் என்று நெஞ்சு துள்ளியது. இரண்டு மாதமாக எதற்கு ஏங்கினாளோ அது கையில் வந்து விழுந்துவிட்டது. தோழியின் முகத்தை நிமிர்ந்து பார்த்த பிறகுதான் அந்தச் சந்தோஷம் எவ்வளவு கேவலமானது என்று உறைத்தது.

“நானே போய்ச் சொல்லிடுறேன்” என்றாள்.

“நானும் வரேன்.”

“வேண்டாம். நீ இங்கயே இரு.”

தெருவைக் கடக்கும்போது தூக்கை முந்தானையில் மறைக்கவில்லை. சித்திக்கா கதவைத் திறந்து, தூக்கைப் பார்த்து, முகம் மலர்ந்து, “எங்கக்கா கெடந்துச்சு?” என்றாள்.

“எங்கயும் கெடக்கல. நான்தான் எடுத்தேன். நீங்க தொழுதுகிட்டு இருந்தப்ப, இந்த மேஜ மேலேர்ந்து எடுத்துட்டுப் போயி என் வீட்டு அரிசி டின்ல வச்சிருந்தேன்.”

“எதுக்கு?”

“பொறாமதான். அவ ஒங்களோடயே இருக்கான்னு பொறாம. வேற ஒண்ணும் இல்ல.”

சித்திக்கா தூக்கை வாங்கிக்கொண்டாள். திட்டுவாள் என்று எழில்மதி காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சித்திக்கா எதிர்ச்சாரியில் இருந்த மொட்டை மாடியைப் பார்த்தாள். அங்கே பூங்கொடி துணிகளுக்கு நடுவில் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள்.

“நீங்க அங்கேர்ந்துதான வரீங்க? இது பூங்கொடிக்குத் தெரியுமா? தெரிஞ்சிதான் இத்தன நாளு என்னய அலைய விட்டாளா?”

ஒரே ஒரு ‘ஆமாம்’ போதும். நாளையிலிருந்து அந்தப் பின் சீட்டு காலி. பொய்கூட இல்லை, நிஜம்தான், பழி பாவம் எதுவும் எழில்மதியைச் சேராது. அந்த வார்த்தை அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது பொய்.

“தெரியாது” என்றாள் எழில்மதி. “அவகிட்ட சொல்லலாம்னுதான் போனேன். முந்தானைக்குள்ளயே வச்சிருந்தேன், காட்ட தைரியம் வரல. அவளுக்கு ஒண்ணும் தெரியாது.”

சித்திக்கா நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். “அல்லாஹ். அவ தெரிஞ்சிருந்தும் சும்மா இருந்திருந்தான்னா நான் அவ மூஞ்சில முழிச்சிருக்க மாட்டேன்.”

எழில்மதிக்கு வயிறு எரிந்தது, வழக்கம்போல. எரியட்டும் என்று நின்றாள்.

“ஒங்களோட நான் பேசுறதுக்குக் கொஞ்ச நாளாவும்க்கா” என்றாள் சித்திக்கா. கதவைச் சாத்தப் போனவள், பாதியில் நிறுத்தினாள். “ஆனா ஒண்ணு. நீங்க எடுத்தத பூங்கொடிகிட்ட சொல்லிடாதீங்க. ஒங்கள அவ எங்கயோ ஒசரத்துல வச்சிருக்கா. தாங்க மாட்டா.”

எழில்மதி சரியென்று தலையாட்டினாள்.