வெள்ளிக்கிழமை இடி

ஐப்பசி பிறந்துவிட்டால் வட்டகொடைப் பக்கம் மத்தியானத்துக்குப் பிறகு வானத்தை நம்ப முடியாது. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு உறுமல் கேட்டால் போதும், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தின் முதல் காம்பிராவில் யாராவது "கழட்டுங்க!" என்று கத்துவார்கள். அந்தக் கூச்சல் காம்பிரா காம்பிராவாகத் தாவி, கடைசித் தொங்கலில் இருக்கும் சோலைமலையிடம் வந்து முடியும். டிவி, ஃபிரிஜ், ரைஸ் குக்கர் என்று எல்லா பிளக்கையும் பிடுங்கிப் போட்டுவிட்டு லயமே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

சோலைமலை பிடுங்குவது ரவுட்டரை. அவருக்கு அதுதான் சொத்து. பெக்டரி வேலையை விட்டு வீட்டோடு இருக்கிறார். மனைவி லெட்சுமி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகன் துஷாந்த் கட்டாரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை பார்க்கிறான். லயம் மலைகளுக்கு நடுவே மடுவுக்குள் கிடப்பதால் போனுக்கு சிக்னல் வராது. கூரைமேல் கட்டிய அன்டனாவும் இந்த ரவுட்டரும் இருந்தால்தான் மகன் முகத்தைப் பார்க்கலாம். போன சித்திரையில் விழுந்த இடியில் பழைய ரவுட்டரும் டிவியும் ஒன்றாகக் கருகின. அதிலிருந்து அவரும் மற்றவர்களைப்போலக் கழற்றத் தொடங்கினார்.

துஷாந்துக்கு லீவு வெள்ளிக்கிழமை. இந்தப் பாழாய்ப்போன இடிக்கும் வேலை நாள் வெள்ளிக்கிழமைதான் போலிருக்கிறது. மழை விட்டு ரவுட்டரை மாட்டும்போது பொழுது இருட்டியிருக்கும்; அதற்குப் பிறகு அவன் கூப்பிடுவதில்லை. மறுநாள் அவன் அவசரமாகக் கூப்பிட்டு, "கோல் எடுத்தேன்ப்பா, கெடைக்கல. இடியா?" என்பான். "ஆமாப்பா, கழட்டிட்டேன்" என்பார் இவர். அவ்வளவுதான் பேச்சு. ஒவ்வொரு வாரமும் தன் கையாலேயே மகன் வாயை அடைக்கிறோமே என்று அவருக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. கடைசியில் ஒரு நாள் கொட்டகலைக்கு பஸ் ஏறினார்.

கரண்ட் சாமான் கடை வைத்திருக்கும் றொக்சன் வயரிங் வேலையும் செய்பவன்.

"இடி தாங்குற பிளக்கு இருக்காமே தம்பி, அது ஒண்ணு குடுங்க."

"எதுக்குப் பாவிக்கப் போறீங்க ஐயா?"

"ரவுட்டருக்கு. மத்ததெல்லாம் எரிஞ்சாலும் பரவாயில்ல."

றொக்சன் சிரித்துக்கொண்டே இரண்டு பிளக்கை எடுத்து வைத்தான். "இந்த மலிவுச் சாமான்ல லைட்டு மட்டுந்தான் எரியும், உள்ள ஒண்ணுமில்ல. இத விடுங்க. மத்தது நல்லது. ஆனா அது ஒண்ணு மட்டும் பத்தாது."

"வீட்டுல ட்ரிப் சுவிட்ச் இருக்கே, அது பாத்துக்காதா?"

"அது ஆளுக்கு ஷொக் அடிச்சா நிப்பாட்டும். இடிக்கு அது முழிக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்." உள்ளங்கையளவு பெட்டி ஒன்றைக் காட்டினான். "இத மெயின் சுவிட்சுக்குப் பக்கத்துல பூட்டணும். வயர் வழியா வர்ற பெரிய அடிய இது மண்ணுக்குள்ள அனுப்பிரும். மிச்சம் மீதிய ரவுட்டர் பக்கத்துல இருக்கிற அந்த பிளக்கு பாத்துக்கும். அன்டனா வயருக்கும் தனியா ஒண்ணு வேணும், இல்லாட்டி அந்த வழியா வரும். எல்லாத்துக்கும் எர்த் சரியா இருக்கணும். இருக்கா ஐயா?"

"இருக்கே. தண்ணிப் பைப்புல கட்டியிருக்கு."

"இரும்புப் பைப்பா, பிளாஸ்டிக்கா?"

"பிளாஸ்டிக்கு" என்று சொல்லும்போதே சோலைமலைக்கு உறைத்தது. துருப்பிடித்த பைப்பையெல்லாம் தோட்டத்தில் கழற்றி எறிந்துவிட்டு நீலப் பிளாஸ்டிக் பைப் போட்டு வெகு காலமாகிறது. போட்டவர்கள் எர்த் வயரை மறக்காமல் எடுத்து, பிளாஸ்டிக்கிலேயே இறுக்கிக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

"அப்ப ஒங்க இடி எங்கயும் போக வழியில்லாம வீட்டுக்குள்ளதான் சுத்தும்" என்றான் றொக்சன்.

வியாழக்கிழமை அவனே வந்து, குசினிக்குப் பின்னால் ஈர மண்ணில் செம்புக் கம்பியை அடித்து இறக்கி, எல்லாவற்றையும் பூட்டினான். "நேரா கூரையில விழுந்தா ஆண்டவர்தான் பாக்கணும். மத்தபடி கழட்டாம இருக்கலாம்."

பக்கத்துக் காம்பிரா ஜெயந்தினி எட்டிப் பார்த்தாள். "என்னா மாமா, கல்யாண வீடு மாதிரி ஏற்பாடு?"

"நாளைக்கு துஷாந்த் பேசுவான்ல" என்றார் சோலைமலை. சொல்லும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது. மகனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. இடிச் சத்தத்தோடு பேசி அவனை அசத்த வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை கூச்சல் வந்தது. லயம் முழுக்கக் கழற்றியது. சோலைமலை வெளுத்து வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு ரவுட்டருக்கு எதிரே உட்கார்ந்தார். கை தன்னாலே பிளக்கை நோக்கிப் போனது, இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். எதிர்மலையில் ஒரு மின்னல் வெட்டு விழுந்து கூரைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. ரவுட்டர் லைட்டு அணையவில்லை. அந்த நேரம் பார்த்து போன் 'டிங்' என்றது. பாய்ந்து எடுத்தார். கோவில் கமிட்டி குரூப்பில் யாரோ முருகன் படம் அனுப்பியிருந்தார்கள்.

எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது என்று தெரிந்தது. இனி அவன் எடுக்க வேண்டியதுதான். லீவு நாளென்றாலும் இவராக எடுப்பதில்லை. வேலை நேரத்தில் கூப்பிடாதீர்கள் என்று அவன் ஒரு தரம் சொன்னது மனதில் கிடந்தது. அவன் கூப்பிடாமலே மழை விட்டது. லயத்தில் ஒவ்வொரு டிவியாக மறுபடி பேசத் தொடங்கியது. சோலைமலை சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பசியில்லாமல் கொஞ்சம் சாப்பிட்டார்.

மறுநாள் காலை துஷாந்த் கூப்பிட்டான்.

"அப்பா, நேத்து எத்தன தரம் எடுத்தேன் தெரியுமா? போகவே இல்ல. அங்க சரியான இடி போல, போன்ல வானிலை காட்டிச்சு."

ரவுட்டர் நேற்று முழுக்க ஓடிக்கொண்டுதான் இருந்தது; அவனிடமிருந்து ஒரு அழைப்பும் வரவில்லை. அப்படியானால் முந்தைய வெள்ளிக்கிழமைகள்? அவற்றில் எத்தனை இடி, எத்தனை பொய் என்று இனி யாரைக் கேட்பது? செம்புக் கம்பிக் கதை நாக்கு நுனிவரை வந்தது. சொல்லிவிட்டால் பிள்ளை கூனிக் குறுகிப் போவான். பொய்யைப் பிடித்த அப்பனிடம் இந்த ஐந்து நிமிடம் பேசக்கூட அப்புறம் வருவானா என்று பயமாக இருந்தது.

"ஆமாப்பா, பயங்கர இடி" என்றார். "எல்லாத்தையும் கழட்டி வச்சிட்டேன்."

"அதானே பாத்தேன்" என்றான் துஷாந்த். குரலில் பாரம் இறங்கியது நன்றாகவே கேட்டது. "அடுத்த வெள்ளிக்கிழமை கட்டாயம் எடுக்கிறேன்ப்பா, இடி இல்லாட்டி."

"சரிப்பா" என்றார் சோலைமலை. "இடி இல்லாட்டி எடு."