ஒயில் குறையாத கார்

சண்டையால் பெற்றோல் யாழ்ப்பாணத்துக்கு வருவது நின்ற பிறகு பஞ்சலிங்கத்தார் தன்னுடைய ஒஸ்ரின் காரைக் கொட்டிலுக்குள் கல்லின் மேல் ஏற்றிவிட்டார். பழைய படங்கு ஒன்றால் மூடி, நாலு பக்கமும் கயிற்றால் கட்டி, உடுப்பிட்டியில் எல்லாரையும் போலச் சைக்கிளில் ஏறிவிட்டார். இருபது வருசம் வாடகைக் கார் ஓடிய மனுசனுக்குச் சைக்கிள் மிதிப்பது செத்த வீட்டுக்குப் போவது மாதிரித்தான் இருந்தது. ஆனாலும் மிதித்தார். வேறென்ன செய்வது?

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஆவணியில் அந்தக் காரைக் கல்லிலிருந்து இறக்கியது ஊர் சுற்றுவதற்கல்ல. மகள் குணலட்சுமிக்காக.

குணத்தின் முதல் பிள்ளை பிறக்கும்போதே இறந்தது. பிள்ளைப்பேற்று நோக்கண்டு யாழ்ப்பாணத்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் கிடைக்காமல், வெங்காயம் ஏற்றுகிற லாண்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் சாக்கு விரித்துக் கிடத்தி, பள்ளத்துக்குப் பள்ளம் குலுக்கிக் கொண்டுபோனார்கள். போய்ச் சேர்ந்தபோது பிள்ளை இல்லை. "இவவுக்கு இடுப்பெலும்பு ஒடுக்கம். அடுத்த பிள்ளையைக் கட்டாயம் ஒப்பரேசன் செய்துதான் எடுக்கவேணும்" என்று டொக்டர் சொல்லிவிட்டார். இந்த முறை அவரே நாளும் குறித்துக் கொடுத்திருந்தார். அன்று காலமை அவளைக் குலுக்காமல், சுணங்காமல் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். அவ்வளவுதான் வேலை. போக ஒருக்கா, வர ஒருக்கா. அதற்குத்தான் கார்.

அந்த நாளில் கார் ஓடுவதென்றால் ஒரு மருந்துப் போத்தலில் பெற்றோல் வைத்திருக்கவேண்டும். அதில் நாலு சொட்டைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட வேண்டியதுதான். புகை ஊரைக் கூட்டும். பின்னால் சைக்கிளில் வருகிறவன் பரம்பரையைத் திட்டுவான். ஆனால் ஓடும்.

மண்ணெண்ணெய் வேலைக்கு அந்தப் பக்கத்தில் பேர் போன ஆள் சிமியோன். மயிலிட்டிக்காரன். அங்கே வள்ளங்களின் எஞ்சின்களைத் திருத்திக்கொண்டிருந்தவன், தொண்ணூறில் கரையோரச் சனம் முழுக்க எழும்பி ஓடியபோது பெண்சாதி பிள்ளைகளோடும் ஒரு சாக்கு ஸ்பானர் சாவிகளோடும் உடுப்பிட்டிக்கு வந்து, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டவன். வள்ளத்து எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுவதுதானே. அதனால் கார்க்காரர் எல்லாரும் அவனிடம் போனார்கள். கெட்டிக்காரன்தான், ஆனால் வாய் ஓயாது. ஒன்றைக் கேட்டால் ஒன்பது சொல்வான்.

சிமியோன் வீட்டுக்கே வந்து காரைப் பார்த்தான். கீழே படுத்து, மேலே குனிந்து, கதவைத் திறந்து மூடி, ஒரு மணித்தியாலம் முனகினான். பிறகு முற்றத்தில் நின்றுகொண்டு தொடங்கினான்.

"அண்ணை, ரயர் ரெண்டு மாத்தவேணும். பிறேக்குக்கு உள் றப்பர் மாத்தவேணும். ஃபான் பெல்ற் இப்பவோ பிறகோ எண்டு கிடக்கு. கிளச் தேஞ்சு போச்சு. எண்ணெய்ப் பம்பைக் கழட்டி எறியவேணும், அதுக்குள்ளை இருக்கிற தோலை மண்ணெண்ணெய் திண்டு போட்டுது, அந்த மண்ணெண்ணெய் கீழை ஒழுகி ஒயிலோடை கலக்குது, ஒயில் தண்ணியாப் போனா எஞ்சின் இறுகிப்போகும். முன் ஸ்பிறிங் ஒண்டு வெடிச்சிருக்கு. டைனமோவும் ஒருக்காக் கழட்டிப் பாக்கவேணும். றேடியேற்றர் குழாயும் சரியில்லை."

எட்டு வேலை. ஒரே மூச்சில். பம்பையும் ஸ்பிறிங்கையும் அவன் ஒரே குரலில்தான் சொன்னான்.

மெக்கானிக் சொல்வதில் பாதியைத் தள்ளு, மிச்சத்தை யோசி என்பது பஞ்சலிங்கத்தார் இருபது வருச ஓட்டத்தில் படித்த பாடம். அதைவிட இப்போது வேறொரு பயமும் இருந்தது. சாமான் வராத காலம். ஒரிஜினல் சாமான் பூட்டிய கார் என்றால் மெக்கானிக்மாருக்கு வாய் ஊறும். போன மாதம் ஆழ்வாப்பிள்ளை டைனமோவைத் திருத்தக் கொடுத்துவிட்டு, திருப்பி வாங்கும்போது அது வேறு டைனமோ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கொடுத்தது வேறு மெக்கானிக்கிடம்தான். ஆனால் பயத்துக்கு ஆள் வித்தியாசம் தெரியுமா?

"பம்பைக் கழட்டிப்போட்டு எண்ணெயை எப்பிடி விடுறது?" என்று கேட்டார்.

"மேலை ஒரு எண்ணெய்க் கான் கட்டி, சேலைன் ரியூப்பாலை இறக்கிவிடுறன். தன்பாட்டிலை இறங்கும். இப்ப எல்லாரும் அப்பிடித்தான்."

"என்ரை காருக்குச் சேலைன் ஏத்தப் போறீரோ? கழட்டின பம்ப் ஆருக்கு?"

சிமியோனுக்கு முகம் கறுத்தது. "அதை நீங்களே வைச்சிருங்கோ, அண்ணை. எனக்கென்னத்துக்கு?"

"இஞ்சை பாரும்." பஞ்சலிங்கத்தார் எஞ்சினிலிருந்து ஒயில் அளவு பார்க்கிற கம்பியை உருவிக் காட்டினார். "மூண்டு வருசம் நிண்ட கார். கிழமையிலை ஒருக்கா ஸ்ராட் பண்ணுறனான். ஒரு சொட்டு ஒயில் குறையேல்லை. ஒயில் குறையாத எஞ்சினிலை என்ன வருத்தம்?"

சிமியோன் கம்பியை வாங்கி மூக்கருகே பிடித்தான். "மணந்து பாருங்கோ அண்ணை. மண்ணெண்ணெய் மணக்குது."

"உந்த ஊரிலை இப்ப எது மண்ணெண்ணெய் மணக்கேல்லை? என்ரை சோறும் மணக்குது."

சிமியோன் சிரித்துவிட்டான். சிரித்திருக்கக் கூடாது. கம்பியைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, கிளச்சைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டான்.

பின்னேரம் பக்கத்து வீட்டு இளையதம்பியைப் பஞ்சலிங்கத்தார் கூட்டிவந்து காட்டினார். இளையதம்பி பஸ் ஓடி இளைப்பாறினவர். அவர் ஃபான் பெல்ற்றை இழுத்துப் பார்த்து, மடித்துப் பார்த்து, "உது இன்னும் அஞ்சு வருசம் கிடக்கும். உவன் சும்மா சொல்லுறான்" என்றார். ஸ்பிறிங்கையும் பார்த்தார். வெடிப்பு இல்லை, மேலே துருக்கறள் மட்டும்தான். பம்பை அவர் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லிப் பஞ்சலிங்கத்தாரும் கேட்கவில்லை. ஒன்று பொய்யென்று பிடிபட்ட பிறகு மற்றதையெல்லாம் ஏன் பார்க்கவேணும்?

முடிவு எடுத்துவிட்டார். ரயரும் பிறேக்கும் மட்டும். பிள்ளைத்தாய்ச்சியைக் கொண்டுபோகிற கார் நடுவழியில் காற்றுப் போகக் கூடாது, நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கவேண்டும். மிச்சமெல்லாம் மெக்கானிக்கின் புலுடா. சிமியோன் வந்து அந்த இரண்டையும் செய்துகொடுத்தான். நன்றாகவே செய்தான். மற்ற ஆறையும் பற்றி அவனும் திரும்பக் கேட்கவில்லை.

காரை நெல்லியடி வரைக்கும் ஓடிப் பார்த்தார். பூப்போல ஓடியது. திரும்பி வந்து கம்பியை உருவினால், ஒயில் குறையவில்லை என்பது மட்டுமல்ல, முந்தி நின்ற கோட்டுக்கு மேலே கொஞ்சம் ஏறியும் நின்றது. அதைக் கண்டு பயப்படவேண்டிய மனுசன் சந்தோசப்பட்டார். ஒயில் என்ன கிணற்றுத் தண்ணீரா, தன்பாட்டில் ஊறுவதற்கு? ஒரு போத்தல் ஒயிலுக்குச் சனம் நாயாய் அலைந்த காலம் அது. கூடுகிறதென்றால் ஏன் கூடுகிறது என்று கேட்க யாருக்கும் மனம் வராது. மனைவி பராசக்தியைக் கூப்பிட்டுக் கம்பியைக் காட்டினார்.

"அந்தச் சிமியோன் சொன்ன வேலையெல்லாம் செய்தாச்சோ?" என்று பராசக்தி கேட்டாள்.

"வேண்டியதெல்லாம் செய்தாச்சு."

டொக்டர் குறித்த நாள் விடியவே குணத்துக்கு நோ தொடங்கிவிட்டது. ஒருவரும் பதறவில்லை. எப்படியும் போகிற பயணம்தானே. பின் சீற்றில் இரண்டு தலையணை வைத்து அவளை இருத்தி, பக்கத்தில் பராசக்தி இருந்தாள். முன்னால் மருமகன் தியாகராசா. கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை, வாய் பேசாத பொடியன், அன்றைக்கு மட்டும் ஏதோ கதைத்துக்கொண்டே வந்தான். பிள்ளைக்குப் பெயர் பார்த்து வைத்திருக்கிறானாம். சொல்லமாட்டானாம். குணம் நோவுக்குள்ளும் சிரித்தாள். பள்ளம் வரும்போதெல்லாம் பஞ்சலிங்கத்தார் முட்டையின் மேல் ஓடுவதுபோல மெல்ல இறக்கி ஏற்றினார். அந்த ஓட்டத்தில் அவருக்கு எவ்வளவு பெருமை.

வல்லைப் பாலத்தில் ஏறும்போது எஞ்சினுக்குள் ஒரு சத்தம் கேட்டது. கதவைத் தட்டுவதுபோல. மெதுவாக, பிறகு கெதியாக. அந்தச் சத்தம் என்னவென்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் அக்சிலேற்றரிலிருந்து காலை எடுக்கவில்லை. அவரங்கால் வரைக்கும் போனால் போதும், அங்கே வீடு வாசல் இருக்கிறது என்று மனதுக்குள் மன்றாடினார். பாலம் கடந்து வெளிக்குள் இறங்கி, அரை மைல் போயிருக்காது. தட்டல் அலறலாகி, ஒரு குலுக்குக் குலுக்கி, எஞ்சின் இறுகி நின்றது.

வல்லை வெளியில் ஒரு மரம் கிடையாது. ஒரு வீடு கிடையாது. இரண்டு பக்கமும் உப்புத் தரையும் வெய்யிலும்தான். மேலே ஆமிக் கெலிகொப்ரர் வந்தால் ஒளிக்கவும் இடமில்லை என்று சனம் நிற்காமல் ஓடிக் கடக்கிற இடம். பஞ்சலிங்கத்தார் பொனற்றைத் திறந்து கம்பியை உருவினார். கம்பியிலிருந்து தண்ணீர்போல ஏதோ ஓடி அவருடைய விரலில் விழுந்தது. இப்போது மணந்து பார்த்தார். அவ்வளவும் மண்ணெண்ணெய்.

தியாகராசா அவரங்கால் பக்கம் ஓடினான். சைக்கிளில் போனவர்கள் இறங்கித் தண்ணீர் கொடுத்தார்கள், சேலை பிடித்து மறைத்தார்கள். ஒரு கிழவி குணத்தின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு எழும்பிப் போனாள். குணம் முதலில் அம்மா என்று கூப்பிட்டாள், பிறகு அப்பா என்று கூப்பிட்டாள். பஞ்சலிங்கத்தார் காரின் மறுபக்கத்தில் போய் நின்றார். அவருக்கு அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. எத்தனை நேரம் போனதோ, வெய்யில் உச்சிக்கு வந்த பிறகு தியாகராசா ஒரு வாகனத்தோடு வந்தான்.

லாண்ட்மாஸ்டர். பின்னால் பெட்டி. பெட்டிக்குள் சாக்கு.

ஆசுப்பத்திரியில் குணத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை. ஆம்பிளைப் பிள்ளை, நல்ல நிறை. கொஞ்சம் முந்தி வந்திருந்தால் என்று டொக்டர் தொடங்கி, தியாகராசாவின் முகத்தைப் பார்த்து நிற்பாட்டிக்கொண்டார். இனி ஒரு பிள்ளைக்கு யோசிக்க வேண்டாம் என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

விறாந்தையில் தியாகராசா கேட்டான்: "மாமா, சிமியோன்தானே காரைப் பாத்தவர். உந்த வருத்தத்தை அவர் சொல்லேல்லையோ?"

"இல்லைத் தம்பி. ஒண்டும் சொல்லேல்லை."

வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு திருப்பி எடுக்க வழி தெரியவில்லை. அன்று பின்னேரமே அந்தக் கதை உடுப்பிட்டிக்குப் போய்விட்டது. மெக்கானிக் எஞ்சினைக் கெடுத்துப்போட்டான் என்றும், மயிலிட்டியானை நம்பி ஒரு பிள்ளை போச்சு என்றும் சந்தியில் கதைத்தார்கள். சிமியோனின் கொட்டிலுக்கு ஒருவரும் காரைக் கொண்டுபோகவில்லை.

குணத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் சிமியோன் வந்தான். படலையடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு, உள்ளே வரலாமோ என்று கேட்டுக்கொண்டு நின்றான். தியாகராசா கேட்டதும் கேளாததுமாய்ப் பாய்ந்துபோய் அவனுடைய சேட்டுக் கொலரைப் பிடித்தான்.

"எஞ்சின் இறுகப் போகுதெண்டு உனக்குத் தெரியாதோ? ஏன் சொல்லேல்லை நீ?"

சிமியோன் அவனை விலக்கவில்லை. விறாந்தையில் நின்ற பஞ்சலிங்கத்தாரைப் பார்த்தான். நேரே பார்த்தான். பஞ்சலிங்கத்தார் நிலத்தைப் பார்த்தார். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று அவருடைய நெஞ்சு அடித்தது. 

"சொன்னனான் எண்டு எந்த முகத்தோடை சொல்லுவன், தம்பி?" என்றான் சிமியோன். "எட்டு வேலை சொன்னன். அதிலை அஞ்சு சும்மா. எட்டுச் சொன்னாத்தான் ரெண்டையாவது செய்விப்பினம். எல்லாரிட்டையும் அப்பிடித்தான் சொல்லுறது. பம்ப் ஒண்டுதான் உயிர் போற வேலை. அதை அந்த அஞ்சுக்குள்ளையும் போட்டு மூடிச் சொன்னன். அப்பிடிச் சொன்னது சொன்னதாகுமே? அதைத் தனிய எடுத்து, காலிலை விழுந்தெண்டாலும் சொல்லியிருக்க வேணும்."

தியாகராசாவின் கை கொலரை விட்டது. அவன் திரும்பி மாமனைப் பார்த்தான்.

உள்ளே அறையில் கட்டில் கிறீச்சிட்டது. குணம் எழும்பிக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பால் கட்டி, சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. அவள் சிமியோனைப் பார்க்கவில்லை.

"அப்பா, அவர் சொன்னவரோ?"

"ஓம் பிள்ளை. சொன்னவர்."

"பிறகேன் நீங்கள் செய்யேல்லை?"

பஞ்சலிங்கத்தாருக்குப் பெல்ற்றின் கதை சொல்லலாம் போலிருந்தது. ஸ்பிறிங்கின் கதை, ஆழ்வாப்பிள்ளையின் டைனமோக் கதை எல்லாம் சொல்லலாம் போலிருந்தது. எல்லாமே உண்மையான கதைகள்தான். மகள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவசியமில்லை எண்டு நினைச்சன்" என்றார்.

குணம் கதவு நிலையிலிருந்து கையை எடுத்தாள். பிறகு உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.