மயிரிழை

பிளாஸ்டிக் நாற்காலிகளை நாலைந்தாக அடுக்கித் தூக்கிக்கொண்டு படியேறியவளைப் பாதி வழியில் மாமா மடக்கினார்.

"பாப்பா, அதைக் கீழ வை. உன்கிட்ட ஒரு விஷயம்."

பாப்பா நாற்பதைத் தாண்டியவள். பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியை. தலை நரைத்தும் அம்மாவின் தம்பிக்கு அவள் பாப்பாதான். காலையில் அப்பா செத்துப்போனதைப் போனில் சொன்னபோதும் "பாப்பா, பதறாதே" என்றுதான் ஆரம்பித்தார். அவள் பதறவில்லை. அது அவளுக்கே கொஞ்சம் உறுத்தியது.

அப்பா டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். வேலைக்கு நடந்து போகும்போது தெரு முனையில் ஒரு வேன் அடித்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து உடல் இன்னும் வரவில்லை.

"அக்கா காலையிலிருந்து ஒரே பாட்டு," என்றார் மாமா. "செருப்பு மாட்டிக்கிட்டுக் கிளம்பினவரை, டீ ஆறுது, குடிச்சிட்டுப் போங்கன்னு கூப்பிட்டாளாம். அவரும் திரும்பி வந்து குடிச்சிட்டுப் போனாராம். கூப்பிடாம இருந்தா வேன் வர்றதுக்குள்ள முனையைத் தாண்டியிருப்பாராம். நாங்க எல்லாரும் சொல்லிப் பார்த்தாச்சு, காதுல ஏறல. உன்னைத்தான் கேக்கணுமாம். அதெல்லாம் இல்லைன்னு சொல்லிடு. நீ சொன்னா நம்புவா. அந்தப் பந்து விஷயமெல்லாம் படிச்சவளாச்சே."

"அதைப் படிச்சதாலதான் சொல்ல முடியாது மாமா."

"அட, நீ ஒருத்தி! நேரங்காலம் தெரியாம நியாயம் பேசிக்கிட்டு. அவ உடைஞ்சு போயிடுவா, பார்த்துக்கோ."

பந்து விஷயம் என்று குடும்பத்தில் சொல்வது அவளுடைய ஆராய்ச்சியை. அது ஒரு பில்லியர்ட்ஸ் மேஜை. காகிதத்தில் மட்டும் இருப்பது. அதில் குழி கிடையாது. பந்துக்குக் களைப்பும் கிடையாது. சுவரில் மோதி மோதி ஓடிக்கொண்டே இருக்கும். பக்கங்கள் நேராகவும் முனைகள் வளைவாகவும் உள்ள மேஜையில், இரண்டு பந்துகளை மயிரிழை தள்ளி வைத்து ஒரே திசையில் விட்டால், கொஞ்ச நேரத்தில் ஒன்று எங்கேயோ, மற்றது எங்கேயோ. வருஷக்கணக்காக இதைத்தான் அவள் வகுப்பில் சொல்லி வருகிறாள். இன்றைக்கு மட்டும் ஒரு கப் டீயால் ஒன்றும் ஆகிவிடாது என்று எந்த வாயால் சொல்வது? மாமா மேல் எரிச்சலாக வந்தது. பொய் சொல்ல வேறு ஆளே கிடைக்கவில்லையா இவருக்கு?

ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்குப் பயந்து அம்மா படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். மகளைக் கண்டதும் கட்டில் ஓரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நீயே சொல்லு. நான் கூப்பிடாம இருந்திருந்தா?"

பாப்பாவுக்கு ஒரு வழி தோன்றியது. பொய்யும் இல்லை, கேட்டதற்குப் பதிலும் இல்லை.

"அம்மா, பந்து எப்படிக் கிளம்பினாலும், அநேகமா எப்படிக் கிளம்பினாலும்," இந்த நேரத்திலும் அந்த 'அநேகமா'வை அவளால் விட முடியவில்லை, "ஓட விட்டுக்கிட்டே இருந்தா மேஜையில எல்லா இடத்துக்கும் பக்கத்துல வந்துடும். ஒரு இடம் பாக்கி இருக்காது. அந்த முனைக்கும் என்னிக்காவது வந்துதான் ஆகணும்."

அம்மா அதை யோசித்துப் பார்த்தாள்.

"என்னிக்காவதுன்னா எப்ப?"

"ரொம்ப நாள் ஆகலாம்."

"ரொம்பன்னா? பத்து வருஷம்?"

"ஆகலாம்."

"இருபது?"

"அதுவும் ஆகலாம்."

"அந்த இருபது வருஷத்தைத்தான்டி கேக்கறேன்."

மாமா சொல்லி அனுப்பிய வார்த்தை பாப்பாவின் நாக்கு வரை வந்து திரும்பிப் போய்விட்டது.

"ஆமாம்மா," என்றாள். "கூப்பிடலைன்னா தாண்டியிருப்பார். வேன்காரன் கொஞ்சம் தாமதமா கிளம்பியிருந்தாலும் தாண்டியிருப்பார். செருப்பு வார் சிக்கியிருந்தாலும், எதிர்ல யாராவது நின்னு பேசியிருந்தாலும், வேன் முன்னாடியே போயிருக்கும். அத்தனையில உன் டீயும் ஒண்ணு."

அம்மா உடைந்து போகவில்லை. விறைத்திருந்த தோள்கள் மெல்ல இறங்கின.

"எல்லாரும் இல்ல, இல்லன்னே சொல்றாங்க. எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்போல இருந்தது."

ஹாலில் யாரோ மின்விசிறியைக் கூட்டி வைத்தார்கள்.

"அப்ப, டீ குடிக்காமப் போன இன்னொரு பந்து," என்றாள் அம்மா. "அது இந்நேரம் எங்க இருக்கும்?"

அதைச் சொல்ல முடியாது. சொல்ல முடியாது என்பதுதான் அவள் படித்த படிப்பே. பாப்பா அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள்.

"ஸ்கூல்லதான்ம்மா இருப்பார். யாராவது புதுசா சேர்ந்திருப்பாங்க. பக்கத்துல உக்காந்துக்கிட்டு, ஸ்டியரிங்கை ஏன்யா கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிக்கறேன்னு கத்திக்கிட்டிருப்பார்."

"கத்துவார்," என்றாள் அம்மா.

கீழே ஆம்புலன்ஸ் வந்து நின்றது. கதவு திறக்கும் சத்தமும், மாமா யாரிடமோ "மெதுவா, மெதுவா" என்பதும் கேட்டன.

"அப்புறம்?" என்றாள் அம்மா.